பத்துக்கு ஒரு விதை

எடை அளவுத் துறைக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் இருக்கிற அத்தனை தராசும் சரியா தப்பா என்று சொல்கிற அதிகாரம் அதற்குத்தான். அது சரியா தப்பா என்று சொல்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை. இப்படி நாற்பது வருடமாக நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தின் மேல் யார் கண் பட்டதோ தெரியவில்லை, ஒரு திங்கட்கிழமை காலை ‘மனிதவள மலர்ச்சித் திட்டம்’ என்ற ஒன்று வந்து இறங்கியது.

திட்டத்தோடு ஓர் ஆலோசகரும் வந்தார். ஏழு வருடத்தில் ஒன்பது வேலை மாறியவர் என்பதால், ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி முன்னேறுவது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் மாடிக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் ஒரு தோட்டத்தின் படத்தைக் காட்டினார். இணை இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் லேசில் விட மாட்டார்.

“இத்தனை வருஷமா ஊரான் தராசை எடை போட்டோம். இனிமே நம்மளை நாமே எடை போடப் போறோம். யாரும் பயப்பட வேண்டாம். இதுல மேல கீழங்கிற பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே தோட்டம். மேல இருக்கறவங்க மரம், கீழ இருக்கறவங்க விதை. அவ்வளவுதான்.”

ஆலோசகர் கணக்கை விளக்கினார். பத்துப் பேர் உள்ள ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் மரம், மூவர் செடி, ஐவர் தளிர், ஒருவர் விதை. யார் யார் எது என்று பிரிவின் கண்காணிப்பாளர் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளருக்கு இனிமேல் தோட்டக்காரர் என்று பெயர்.

தராசுகளுக்கு முத்திரை குத்துகிற ஊழியர் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். “பத்துப் பேரும் ஒழுங்கா வேலை செஞ்சா சார்?”

“செய்யட்டுமே. அப்பவும் ஒருத்தர் விதைதான்” என்றார் ஆலோசகர்.

“பத்துப் பேருமே தண்டமா இருந்தா?”

“அப்பவும் ஒருத்தர் மரம்.”

முத்திரைக்காரர் தலையைச் சொறிந்தார். “இல்ல சார், நாங்க கடையில போய்ப் பத்துத் தராசைப் பார்த்தா, எத்தனை தப்போ அத்தனையைத்தான் தப்புன்னு எழுதுவோம். பத்துல ஒண்ணு தப்பா இருந்தே ஆகணும்னு சொன்னா கடைக்காரன் படிக்கல்லைத் தூக்கிட்டு வருவான்.”

“அருமையான கேள்வி” என்றார் இணை இயக்குநர். “இந்த மாதிரிக் கேள்வி கேக்கற மனோபாவத்தைத்தான் இந்தத் திட்டம் மாத்தப் போகுது. கை தட்டுங்க.”

எல்லோரும் தட்டினார்கள். முத்திரைக்காரரும் தட்டினார்.

நம் கதை தைலம் சாரைப் பற்றியது. நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். எதற்கெடுத்தாலும் தலைவலி வந்துவிடும். மேசையின் இரண்டாவது இழுப்பறையில் எப்போதும் நாலு தைலப் புட்டி இருக்கும். அவர் நடந்துபோன வழியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மற்றபடி கெட்டவர் இல்லை. கெட்டது செய்யவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அது அவரிடம் கிடையாது. அவருக்குக் கீழே சரியாகப் பத்துப் பேர்.

அந்தப் பத்தில் ஒருவர் ரிக்கார்டு அக்கா. அடித்தளத்தில் இருக்கிற பதிவறையை இருபத்தேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். ஜன்னல் இல்லாத அறை. அங்கே பகலும் குழல்விளக்குதான், மழையும் குழல்விளக்குதான். நாற்பதாயிரம் கோப்பு. எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கோப்பு மேசைக்கு வந்துவிடும். ஒரே ஒரு கண்டிப்பு, சீட்டு. யார் கோப்பை எடுத்தாலும் பெயர், தேதி, எப்போது திருப்பித் தருவோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி, எடுத்த இடத்தில் சொருகிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த தலைமை ஆணையரே கீழே இறங்கி வந்து ஒரு கோப்பைக் கையில் எடுத்தபோது, அக்கா வாசலை மறித்துக்கொண்டு, “சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்” என்றார். ஆணையர் எழுதினார். அந்தச் சீட்டை அக்கா கண்ணாடி போட்டு மாட்டவில்லை. கோப்பு திரும்பி வந்த அன்றைக்கே கிழித்துப் போட்டார்.

அக்காவுக்கு அடுத்த மே மாதக் கடைசியில் ஓய்வு. அதற்கு முன்னால் துணைக் கண்காணிப்பாளர் பதவி வரவேண்டிய முறை அவருடையது. அந்தப் பதவிக்குத் தரைத்தளத்தில் அறை. “சம்பளம் கிம்பளம் எல்லாம் ஒண்ணும் பெரிசா ஏறாது சார்” என்று ஒரு நாள் தைலம் சாரிடம் சொல்லியிருந்தார். “ஜன்னல் இருக்கிற ரூம்ல ஒரு ஆறு மாசம் உக்காந்துட்டுப் போகணும். அவ்வளவுதான் ஆசை.”

திட்டத்துக்கு இருபத்துநாலு பக்கப் படிவம் வந்தது. அந்த அலுவலகத்தில் பழக்கம் என்னவென்றால், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுப்பார், மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பதினேழாம் பக்கத்தில் ‘உங்கள் பலவீனம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. தட்டச்சர், ‘ஓய்வில்லாமல் உழைப்பது’ என்று எழுதினார். அவர் மத்தியானம் தூங்குகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும். ஓட்டுநர், ‘குடும்பத்தைவிட அலுவலகத்தை அதிகம் நேசிப்பது’ என்று எழுதினார். தபால் பிரிவு எழுத்தர் அதைப் பார்த்து எழுதி, பார்த்து எழுதியது தெரியக்கூடாது என்பதற்காக ‘மிக அதிகம்’ என்று மாற்றிக்கொண்டார்.

அக்கா படிவத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். “இந்தக் கட்டத்துல என்ன சார் எழுதறது?”

“உள்ளதை எழுதுங்கக்கா. எவன் படிக்கப் போறான்” என்றார் தைலம் சார்.

அக்கா உள்ளதை எழுதினார். ‘சென்ற ஆண்டு ஒரு கோப்பு பதினொரு நாள் காணவில்லை. பதிவறைக்கு நானே பொறுப்பு. அது எங்கே இருந்தது என்று இன்றுவரை பதிவேட்டில் எழுதாமல் வைத்திருக்கிறேன்.’

இதைப் படித்ததும் தைலம் சாருக்குத் தலைவலி வந்தது. இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். திறந்ததும் வலி இன்னும் கூடியது. ஏனென்றால் அந்தக் கோப்பு பதினொரு நாளும் இருந்தது அந்த இழுப்பறையில்தான்.

திருடினார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கா கை கழுவப் போயிருந்த நேரத்தில், அவசரமாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு வந்தார். சீட்டு எழுதவில்லை. கண்காணிப்பாளர் போய்ச் சீட்டு எழுதுவதா என்ற நினைப்பு. இழுப்பறையில் வைத்து, மேலே ஒரு பழைய நாட்குறிப்பை வைத்து, அதன் மேல் தைலப் புட்டியை வைத்து, மறந்தே போனார். அடுத்த வாரம் இணை இயக்குநர் கோப்பைக் கேட்டார். பதிவறை தலைகீழானது. அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வந்து நாற்பதாயிரத்தையும் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றினார். இணை இயக்குநர் எல்லோர் முன்னாலும், “வயசாயிட்டா வீட்டுல இருக்கணும்” என்றார். தைலம் சார் பக்கத்திலேயே நின்று, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

பதினோராம் நாள் இழுப்பறையில் ஊசி நூலைத் தேடியபோது கோப்பு கையில் தட்டுப்பட்டது. மறுநாள் காலை துப்புரவுக்காரர் கதவைத் திறந்ததுமே போய், ஏழாம் அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்துவிட்டார். பத்து மணிக்கு அக்கா கண்டெடுத்தார். “இங்கேயேதான் இருந்திருக்கு, பாத்தீங்களா!” என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா கோப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், எடுத்து, அதன் இடத்தில் வைத்தார்.

இப்போது அந்தப் பத்துப் பேரில் ஒரு விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணினி மூடிவிடும். தைலம் சார் நாலு மணிக்கு உட்கார்ந்தார். முதலில் தட்டச்சரை விதை ஆக்கினார். ‘சான்று இணைக்கவும்’ என்று சிவப்பில் வந்தது. சான்றுக்கு எங்கே போவது? அவர் பலவீனம் ஓய்வில்லாமல் உழைப்பது என்றல்லவா கையெழுத்தாகியிருக்கிறது! ஓட்டுநரைப் போட்டார். அதற்கும் சிவப்பு. அத்தனை பேர் படிவத்திலும் பலம்தான் பலவீனம் என்ற வேஷத்தில் உட்கார்ந்திருந்தது. உண்மையான குறை ஒன்று எழுதியிருந்தது ஒரே ஒருவர்தான்.

நாலு ஐம்பத்தைந்துக்கு அவர் அக்காவின் பெயரைப் போட்டு, பதினேழாம் பக்கத்தை இணைத்தார். கணினி பச்சை காட்டியது. ஒரு சின்ன செடி முளைத்து ஆடியது.

விதை என்றால் என்ன, ஒரு பெயர்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். பாதியை மறைத்துச் சொன்னாலும் மீதியை நாடி பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார். காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஃபைல் உங்க டிராயர்ல இருந்துச்சு.”

“ஆமா.”

“அந்தம்மா திட்டு வாங்கினாங்க.”

“ஆமா.”

“இப்போ அதையே காரணமாக் காட்டி அவங்களை மட்டம் தட்டிட்டு வந்திருக்கீங்க.”

“மட்டம் இல்லம்மா. விதை.”

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். “நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க. ஒரு வரிதானே. ‘நான்தான் எடுத்தேன்’. இதுக்கு எத்தனை பக்கப் படிவம் வேணும்?”

நாளைக்கு என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் மறுநாளே அக்காவை முளைப்புப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். விதையெல்லாம் ஐந்து நாள் போக வேண்டும். பாடம், கோப்புப் பராமரிப்பு. பயிற்றுநர் ஒரு கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தார். அது பதினாறு வருடத்துக்கு முன்னால் அக்கா கைப்பட எழுதிக்கொடுத்த கையேடு. தட்டச்சு செய்தபோது நாலு இடத்தில் தப்பு விழுந்திருந்தது. கடைசி நாள் தேர்வில் அக்கா சரியான விடையை எழுதினார். நூற்றுக்கு எண்பது வந்தது. ‘கையேட்டைக் கவனமாகப் படிக்கவும்’ என்று பயிற்றுநர் குறிப்பு எழுதியிருந்தார்.

அந்த ஐந்து நாளும் அலுவலகத்தில் ஒரு கோப்பும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடிப் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து கோப்புக் கேட்பதையே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஆலோசகர் அந்த வாரத்தைப் படம் போட்டுக் காட்டினார். “கோப்பு தாமதம்னு ஒரு புகார்கூட இல்லை. விதையை நகர்த்தினதுமே தோட்டம் எப்படி மூச்சு விடுது பாருங்க!” இணை இயக்குநர், எல்லாக் கோப்பையும் ஒரேயடியாக நகர்த்திவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஆலோசனை சொன்னார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

பயிற்சி முடிந்ததும் தண்ணீர் ஊற்றும் கட்டம். தோட்டக்காரர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இருபது நிமிடம் விதையோடு உட்கார்ந்து பேசி, தண்ணீர்ப் படிவத்தை நிரப்ப வேண்டும். ‘இன்று விதை என்ன உணர்ந்தது?’ என்பது முதல் கேள்வி.

முதல் வியாழன் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் கிழிந்த கோப்பு அட்டைகளும் பசையும். சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாதவர், பேச்சுப் பேச்சாக இருக்க அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா... நீங்க என்ன உணர்றீங்கன்னு எழுதணும்.”

“பசை தண்ணியா இருக்குன்னு எழுதிக்குங்க சார்.”

எழுதினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தைலம் சாருக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, தலைதான் வலித்தது. ‘அக்கா, அந்தக் கோப்பு’ என்று மனசுக்குள் பத்துத் தரம் ஆரம்பித்தார். வாய் வரைக்கும் வந்து, “பசைக்கு எழுதிப் போடறேன்” என்றுதான் வெளியே வந்தது. இப்படி ஆறு வியாழக்கிழமை போனது. பதிவறைக்கு ஆறு டப்பா பசை கிடைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்; மேய்ந்த வேலிக்குத் தோட்டக்காரர் என்று பட்டம் கட்டித் தண்ணீரும் ஊற்றச் சொன்னது அந்தத் துறையில்தான்.

நவம்பரில் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வந்தது. பதினாலாவது விதி: ‘விதை நிலையில் உள்ளோர் பட்டியலில் இடம்பெறார். முளைத்த பின் பரிசீலிக்கப்படுவர். முளைப்பு ஆய்வு ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடைபெறும்.’

அக்காவுக்கு மே மாதம் ஓய்வு.

தைலம் சார் சுற்றறிக்கையை மூன்று தரம் படித்தார். கீழே போய் நேரே சொல்லிவிடலாம் என்று எழுந்தார். கால் மாடிப்படியில் மேலே ஏறியது. கீழே போவதைவிட மேலே போவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இணை இயக்குநர் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, மூச்சு விடாமல் சொன்னார்.

“சார், போன வருஷம் காணாமப் போன ஃபைலை எடுத்தது நான்தான் சார். சீட்டு எழுதாம எடுத்தேன். என் டிராயர்லதான் இருந்தது. நான்தான் திரும்பக் கொண்டுபோய் வெச்சேன். அக்கா மேல தப்பே இல்லை. அவங்களை விதையிலேர்ந்து எடுத்துடுங்க சார்.”

இணை இயக்குநருக்குக் கண் கலங்கியது.

“பிரமாதம்” என்றார்.

“சார்?”

“இதுக்குப் பேருதான்யா தலைமைப் பண்பு. தானா வந்து சொல்றீங்க பாருங்க! திட்டம் வர்றதுக்கு முன்னாடி சொன்னீங்களா?”

“இல்லை சார்.”

“அதான். திட்டம் வேலை செய்யுது.”

“அக்கா விஷயம் சார்...”

“அந்தம்மாவை எடுக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்லை. வேற யாரை விதை போடறது? பத்துக்கு ஒண்ணு இருந்தே ஆகணுமே.”

“என்னைப் போட்டுக்குங்க சார்.”

“நீங்க தோட்டக்காரர். தோட்டக்காரரை எப்படிய்யா நடறது? கம்ப்யூட்டர் ஒத்துக்காது.” இணை இயக்குநர் குரலைத் தணித்தார். “இதோ பாருங்க. நான் என் பதவிக் காலத்துல பண்ணாத தப்பா? ஒருத்தருக்கு வரவேண்டியதை இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கேன். ஒரு ஆளைத் தூரமா மாத்தினேன், அவரு அங்கேயே போய்ச் சேர்ந்துட்டாரு. அதெல்லாம் நினைச்சுக்கிட்டிருந்தா நிர்வாகம் பண்ண முடியுமா? மனசுல இருக்கறதை ஒரு படிவத்துல எழுதிடணும். அப்புறம் அது படிவத்துல இருக்கும், மனசுல இருக்காது. நான் அப்படித்தான் நல்லாத் தூங்கறேன்.”

அன்றைக்கே தைலம் சாரின் வாக்குமூலம் சுய மலர்ச்சிப் படிவத்தில் ஏறி, தலைமையகத்துக்குப் போனது. வாக்குமூலத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லாததால் ‘சாதனைகள்’ என்ற கட்டத்தில் எழுதினார்கள். பிப்ரவரியில் பதில் வந்தது. தைலம் சார்தான் ஆண்டின் சிறந்த தோட்டக்காரர். பதவி உயர்வும் உண்டு. மேல்மாடியில் இரண்டு ஜன்னல் வைத்த அறை.

“மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுங்க” என்றார் மனைவி.

“மேடையில சொல்லிடறேன். எல்லாரும் இருப்பாங்க. அக்காவும் இருப்பாங்க. அங்கேயே உடைச்சுடறேன்.”

மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தார். “சொல்லிட்டு வந்தா இந்தச் சட்டையை எடுத்து வெச்சுக்கறேன். சொல்லலேன்னா தரை துடைக்கப் போட்டுடுவேன்” என்றார்.

விழா அதே இரண்டாம் மாடிக் கூடத்தில். மேடையில் பூந்தொட்டிகள். திட்டப்படி, தோட்டக்காரருக்குப் பூங்கொத்துக் கொடுக்க வேண்டியவர் அவருடைய விதை. அக்கா கீழ்த்தளத்திலிருந்து படியேறி வந்து, இரண்டு கையாலும் பூங்கொத்தை நீட்டினார். விரலில் பசை காய்ந்திருந்தது. “நல்லா இருங்க சார்” என்றார். தைலம் சாருக்குச் செத்துப் போய்விடலாம் போல இருந்தது.

மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். இதோ சொல்லிவிடப் போகிறார். வாயைத் திறந்தார். அப்போது ஆலோசகர் ஓடி வந்து கையில் ஒரு தாளைத் திணித்தார்.

அதில் இப்படி இருந்தது: ‘சென்ற ஆண்டு ஒரு கோப்பு காணாமல் போன நெருக்கடியில், பதற்றமின்றித் தலைமை தாங்கி, பதினொரே நாளில் அதை மீட்டெடுத்தேன்.’

சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் கையில் தாள் இருந்தது. தாளில் இருப்பதைப் படிப்பது முப்பது வருடப் பழக்கம். கண் தாளுக்குப் போனது, வாய் கண்ணுக்குப் பின்னால் போனது. பதினொரே நாளில் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அடக்கத்தால் உடைந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஐந்தாம் வரிசையில் அக்காவும் தட்டினார். முத்திரைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அடுத்த வருட விதையாகப் பரிசீலிக்கலாம் என்று இணை இயக்குநர் ஆலோசகரின் காதில் சொன்னார்.

மறுநாள் வீட்டில் தரை அந்தச் சட்டையால்தான் துடைக்கப்பட்டது.

மே மாதம் கடைசி நாள். தைலம் சார் புது அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தார். திறந்தால் அவருக்கு வேலை ஓடுவதில்லை. நாலு மணிக்கு அக்கா வந்தார். அக்குளில் ஒரு கனமான பதிவேடு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தார்.

“ரூம் நல்லா இருக்கு சார். ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாதா?”

அவர் எழுந்து போய் இரண்டையும் திறந்தார். காற்று வந்தது. அக்கா அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு வந்து பதிவேட்டை விரித்தார்.

“அஞ்சு மணிக்குச் சாவியைக் குடுத்துடுவேன் சார். எல்லாம் நேர் பண்ணிட்டேன். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.”

கோப்பு நடமாட்டப் பதிவேடு அது. இருபத்தேழு வருடமாக ஒரே கையெழுத்து. நடுவில் ஒரு வரி: எண், காணாமல் போன தேதி, கிடைத்த தேதி. அதற்கு அடுத்து ‘இருந்த இடம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

“ஏழாம் அலமாரிக்குப் பின்னாலன்னு எழுதியிருக்கலாமே அக்கா” என்றார் தைலம் சார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பழக்கம்தான்.

“அது கிடைச்ச இடம் சார். இருந்த இடம் அது இல்லையே. ஃபைலைத் திறந்ததும் தைல வாடை குப்புன்னு வந்துச்சு.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “படிவத்துல என் பொறுப்புன்னு எழுதினேன். அது நிஜம், ரூம் என் பொறுப்பு. இந்தக் கட்டத்துல பொய் எழுத வரலை. நிஜத்தை எழுத எனக்கு இடம் சரியாத் தெரியலை. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு விட்டு வெச்சேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை பாத்தேன்.”

தைலம் சாருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அழுதார். “அக்கா, என்னை மன்னிச்சுடுங்கக்கா. உங்க ஜன்னலை நான் பிடுங்கிட்டேன்.”

“அழாதீங்க சார். பேனாவை எடுங்க.”

எடுத்தார். ‘கண்காணிப்பாளர் மேசை, இரண்டாவது இழுப்பறை. எடுத்தவர் சீட்டு எழுதவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. அக்கா குனிந்து படித்தார்.

“இப்ப சரியா இருக்கு” என்றார். பதிவேட்டை மூடப்போனார்.

“அக்கா, இதை நான் எடுத்துட்டுப் போறேன். இணை இயக்குநர்கிட்ட இல்லை, தலைமையகத்துக்கே போறேன். படிவம் இல்லை, இது பதிவேடு. இதை எந்தக் கட்டத்துலயும் மாத்திப் போட முடியாது. ஆணையர் மேசையில விரிச்சு வெச்சு, உங்க பதவியை உங்க பேருக்கு வாங்கிட்டுத்தான் வருவேன்.”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. பிறகு அவரைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“எடுத்துட்டுப் போங்க” என்றார். “ஆனா சீட்டு?”

அவர் ஒரு தாளைக் கிழித்துப் பெயரை எழுதினார், தேதி போட்டார், கையெழுத்திட்டு இரண்டு கையாலும் நீட்டினார். முப்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் சீட்டு. அக்கா வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, திரும்ப அவர் முன்னால் வைத்தார்.

“என்னிக்குத் திருப்பித் தருவீங்கன்னு எழுதலையே சார்.”

தைலம் சார் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன தேதி போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் எழுதி முடிக்கக் காத்திருந்தார்.